பயிற்சி விமானி தெரிவு: வன்னியிலிருந்து ஆயத்தமாவது

கண்ணிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பம், ஆங்கில வகுப்பு எல்லாவற்றுக்கும் முன்னர், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கண் வைத்தியரிடம் போய் நிறம் பிரித்தறியும் திறனைச் சோதிக்கும் இஷிஹாரா புள்ளிப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போடுவது தடையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் தொழில்முறை விமானிக்கு வேண்டிய முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்குப் போதும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாவிட்டால்தான் சிக்கல். அதைக் காசு கட்டிய பிறகு அறிவதில் பயனில்லை. காது கேட்கும் சோதனையில் 500, 1000, 2000 ஹேர்ட்ஸில் இழப்பு 35 டெசிபலையும், 3000 இல் 50 ஐயும் தாண்டக்கூடாது. சிறுவயதில் செல் (எறிகணை) வெடித்த அதிர்ச்சி பட்ட காது என்றால் இதையும் இப்போதே பாருங்கள். உடம்பில் செல்துண்டு இருந்தால் பழைய வைத்தியசாலைப் பதிவுகளைத் தேடி எடுத்து வையுங்கள். சொல்லாமல் விட்டால் எக்ஸ்றே சொல்லிவிடும். பிறகு காயத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் ஆங்கிலத்தில் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இடம்பெயர்வுக்குப் பிறகு எடுத்த பிரதிகளில் இது அடிக்கடி பிசகும். திருத்த மாதக்கணக்காகும், விமான நிறுவனம் பயிற்சி விமானிகளைக் கோரும் விளம்பரம் வரும்வரை காத்திராதீர்கள். விளம்பரம் வந்ததும் பயிற்சிச் செலவு யாருடையது, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்ற வரிகளை முதலில் வாசியுங்கள்.

இனித் தெரிவுச் சோதனையில் வரும் மனக்கணக்கு. இணைந்த கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளைகளும் தடுமாறும் இடம் இதுதான். கணக்கு தெரியாமலில்லை, தாளில்லாமல், ஆங்கில எண்களில், சில விநாடிக்குள் செய்து பழக்கமில்லை. ஏ9 பஸ்ஸில் யன்னலோரம் இருந்து பழகுங்கள். ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 48 என்றால், 3600 ஐ 48 ஆல் வகுக்க மணிக்கு 75 கிலோமீற்றர். அதைப் பாதியாக்கி, வந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கூட்டினால் நொட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) கணக்கு: 40 சொச்சம். அடுத்த கல் வருமுன் விடை வர வேண்டும். விமானம் 30,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஆயிரங்களை மூன்றால் பெருக்குங்கள், ஏறத்தாழ 90 கடல்மைல்.

திசைக்கு மாங்குளம் சந்தி நல்ல பாடம். வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பாகையில் எண்ணினால், கிளிநொச்சியிலிருந்து வரும்போது ஏறத்தாழ 180, அதாவது தெற்கு. முல்லைத்தீவு வீதிக்கு இடப்பக்கம் திரும்பினால் 090 பக்கம், கிழக்கு. எதிர்த்திசை கேட்டால் 200 கூட்டி 20 கழியுங்கள்: 130 க்கு 310. 180 ஐத் தாண்டிய திசைக்கு 200 கழித்து 20 கூட்டுங்கள்: 250 க்கு 070.

விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவான மானியில் பலர் நேர்மாறாகப் பிழை விடுவார்கள். அதிலுள்ள சின்ன விமானம் அசையாது, அடிவானக் கோடுதான் சாயும். விமானம் வலப்பக்கம் சாய்ந்தால் கோட்டின் வலது முனை மேலே போகும், நிலத்தைக் காட்டும் மண்ணிறம் வலப்பக்கம் ஏறும். கோட்டைப் பார்த்து "இடப்பக்கம்" என்று அமத்தினால் புள்ளி போச்சு. ஜோய்ஸ்டிக் சோதனைக்கு ஃபோன் விளையாட்டு உதவாது. பழைய ஜோய்ஸ்டிக் ஒன்றைக் கணினியில் கொழுவி, சின்னச் சின்ன அசைவாகப் பழகுங்கள். இழுத்தால் மூக்கு மேலே. பெரிதாக ஆட்டினால் மறுபக்கம் திருத்த வேண்டி வரும், பிறகு ஊஞ்சல்தான்.

ஆங்கிலத்தில் இலக்கணத்தைவிடக் காது முக்கியம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மாறிக் கேட்பவர் நிறையப்பேர். வானொலியில் 130 என்பது "வண் ட்ரீ சீரோ", ஒன்பது "நைனர்". வீதியில் போகும் வாகன இலக்கங்களை அப்படியே உரக்க வாசியுங்கள். எழுத்துக்கும் வானொலியில் ஒரு சொல் உண்டு: என்பி இலக்கத்தகடு "நொவெம்பர் பாப்பா".

குழுப் பயிற்சியில் மூத்தவர் பேசட்டும் என்று மரியாதைக்கு வாய்மூடி இருந்தால், பார்த்துப் புள்ளி போடுபவர்கள் உங்களைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டார்கள். கதைக்க ஒன்றும் வராவிட்டால் மணிக்கூட்டைப் பாருங்கள். "இன்னும் ஐந்து நிமிடம், முடிவெடுப்போம்" என்பதும் ஒரு பங்களிப்பு.

கொழும்பில் காலைச் சோதனை என்றால் இரவு பஸ்ஸில் போய் நேரே மண்டபத்துக்குள் ஏறாதீர்கள். முதல்நாள் பகலிலேயே ரயிலில் போய் இறங்குங்கள்.