அண்ணாச்சி, இஞ்சித்தேன் எப்படிப் போடுறது?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருபத்தெட்டு வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடுக்காய், அதிமதுரம் வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்றே சத்தமாகக் கேட்பார்கள். இந்த விஷயத்துக்கு வருகிற ஆளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முதலில் ஐம்பது கிராம் சீரகம் வாங்குவார். காசு கொடுத்த பிறகும் கிளம்ப மாட்டார். மற்றவர்கள் போகும்வரை கசகசா டப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் கல்லாவுக்குக் கிட்டே குனிந்து, "அண்ணாச்சி, நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாச்சும் இருக்கா?"

அவர் சொல்வது விறைப்புக் குறைவை. நம்ம ஊரில் அதற்கு வாய்த்த பெயர் நரம்புத் தளர்ச்சி. நிஜத்தில் அது பெரும்பாலும் ரத்த ஓட்டச் சமாசாரம்.

இஞ்சித்தேன் போடச் சொல்லி அனுப்புவேன். இஞ்சி என் கடையில் கிடையாது, காய்கறிக் கடையில்தான் வாங்க வேண்டும். தேன் நான் விற்கிறேன், அதை மறைக்கவில்லை.

அரை கிலோ முற்றல் இஞ்சி வாங்குங்கள். பிஞ்சில் நார் இருக்காது, காரமும் இருக்காது. ஒடித்தால் "டக்"கென்று சத்தம் வர வேண்டும், ஒடித்த இடத்தில் வாசனை மூக்கில் ஏற வேண்டும். கழுவி, ஸ்பூன் விளிம்பால் தோலைச் சுரண்டி எடுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். இடுக்கில் ஒட்டியிருக்கும் மண்ணும் அதோடு போய்விடும். பிறகு பழைய நாலணாக் காசு கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்குங்கள்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். வில்லைகளை வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது, வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். கடை ஆரம்பித்த புதிதில் நான் அவசரப்பட்டு ஈர இஞ்சியைத் தேனில் போட்டு மூடியை இறுக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். ஆறாம் நாள் ராத்திரி மூடி எகிறி, நுரை வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த ஓமப் பொட்டலம் அத்தனையும் பிசுபிசுத்துப் போனது. எறும்பு விரட்டவே ஒரு வாரம் ஆயிற்று.

காய்ந்த வில்லையை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, அது மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கிற அளவு தேன் ஊற்றுங்கள். வாயைத் துணியால் கட்டுங்கள். தினம் ஒரு தடவை உலர்ந்த கரண்டியால் கிளறினால் போதும். இஞ்சி தண்ணீர் விட்டுத் தேன் இளகும், பயப்பட வேண்டாம். புளித்த வாசனை வந்தால் மட்டும் தூர ஊற்றிவிடுங்கள். பதினைந்து நாளில் சாப்பிட ஆரம்பிக்கலாம். காலையில் மூன்று வில்லை, ஒரு டீஸ்பூன் தேனோடு. நன்றாக மென்று தின்ன வேண்டும். சீக்கிரம் பலன் வரட்டும் என்று பத்து வில்லை தின்றால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

இப்படிச் சாப்பிட்டால் ஒரு பாட்டில் தீர ஏறக்குறைய இரண்டரை மாசம் ஆகும். நாலு நாளில் வந்து "ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி" என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, வேலை செய்கிறதா? என் மகன் பி.ஃபார்ம் படித்தவன், தோண்டித் துருவிப் பார்க்கிற ஆள். எலிகளில் செய்த சோதனைகளில் இஞ்சி ஆண் ஹார்மோனைக் கூட்டியிருக்கிறது, மனிதர்களில் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள், அவையும் பெரும்பாலும் குழந்தை இல்லாத ஆண்களின் விந்தணுவைப் பற்றியவை, விறைப்புக்கு மருந்து என்று சொல்ல அது பத்தாது என்கிறான். நான் கண்டது வயிறுதான். ராத்திரிச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்காமல் இறங்கும், உப்புசம் குறையும். பரோட்டா தின்றுவிட்டு மந்தமாகப் படுக்கிற மனுஷனுக்கு அதுவே பாதி உதவி.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வயிற்றுப் புண், பித்தப்பைக் கல் இருப்பவர்களும் அப்படியே. சர்க்கரைக்காரர்களுக்குத் தேன் ஆகாது, கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்கள் சுக்கு, மல்லி இடித்துப் போட்டு இனிப்பில்லாமல் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். சுக்கு இஞ்சியைவிடக் காரம், அரை டீஸ்பூன் பொடி தாராளம். வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அது சுண்ணாம்புப் பூச்சு.

இன்னொன்று, வெட்கத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுகிறேன். வீடியோ பார்த்து இஞ்சிச் சாற்றை அங்கேயே தடவிக்கொண்டு ஒரு பையன் வந்தான். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பச்சைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிட்டு வா என்று பின்கட்டுக்கு அனுப்பி, தேங்காயெண்ணெய் கொடுத்தேன். இஞ்சி வாய்க்கு மட்டும்தான், தம்பி.

"ஒரு மணி நேரத்தில் பலன்" என்று லேகியம் விற்கிறார்களே, அப்படி ஒரு வேர் இருந்தால் முதலில் என் கடையில்தான் இருந்திருக்கும். மூலிகை என்று பெயர் போட்டு உள்ளே வயாக்ராவின் சில்டெனாஃபிலைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறவர் அதைத் தெரியாமல் தின்றால் பிரஷர் சரிந்து உயிருக்கே ஆபத்து.

வருகிறவர்களிடம் நானும் ஒரு கேள்வி கேட்பேன். "விடியக்காலையில தானா எழுச்சி வருதா?" வருகிறது என்றால் பெரும்பாலும் மனசில் ஏதோ பாரம்: கடன், தூக்கமின்மை, வீட்டில் மனஸ்தாபம். மாசக்கணக்கில் அதுவும் இல்லையென்றால் ரத்தச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்வேன். அங்கே போகிற ரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது அதைவிடப் பெரியது. அடைப்பு விழ ஆரம்பித்தால் சின்னது முதலில் காட்டிக்கொடுக்கும்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கே இந்தக் குறை வந்தது. வயசு என்று நினைத்து எட்டு மாசம் என் பாட்டிலையே காலி செய்துகொண்டிருந்தேன். "ஊருக்கெல்லாம் மருந்து சொல்றீங்க, உங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கக் கூடாதா?" என்று வீட்டுக்காரி பிடித்துத் தள்ளினாள். வெறும் வயிற்றில் சர்க்கரை 212. அன்றோடு எனக்குத் தேன் நின்றது. மாத்திரையும் வைகைக் கரை நடையும் வந்தன, பீடி போனது. ஆறேழு மாசத்தில் குறையும் போனது. காலையில் இரண்டு வில்லை இஞ்சி மட்டும் இன்னமும் மெல்லுகிறேன், உப்புத் தொட்டு.

வில்லை தீர்ந்த பிறகு பாட்டில் அடியில் நிற்கிற தேனைக் கொட்டிவிடாதீர்கள். வெந்நீரில் ஒரு ஸ்பூன் விட்டு எலுமிச்சை பிழிந்தால் மழைக்காலத் தொண்டைக் கரகரப்புக்கு ஆகும். பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பாட்டம் போடுங்கள்.