டிராக்ஷன் கன்ட்ரோல் லைட் மின்னுதா, நின்னு எரியுதா? அதை வச்சு என்ன பண்ணணும்னு பார்ப்போம்

டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல ஒரு சின்ன கார் படம், அதுக்குக் கீழ நெளிநெளியா ரெண்டு கோடு, இதைத்தான் சொல்றேன். சில வண்டில இந்தப் படம் இருக்காது, முக்கோணத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்டு சுத்தி ஒரு வளைஞ்ச அம்புக்குறி இருக்கும், இல்லன்னா வெறும் எழுத்து மட்டும், டிசிஎஸ், இஎஸ்பி, டொயோட்டான்னா விஎஸ்சி, ஹோண்டான்னா விஎஸ்ஏ, பிஎம்டபிள்யூன்னா டிஎஸ்சி. இந்தப் பெயர்ல நிறைய, வண்டி வழுக்கி திசை மாறாம பார்த்துக்கற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலோடது, வீல் பிடிமானம் இல்லாம வெட்டியா சுத்தாம பார்த்துக்கற டிராக்ஷன் கன்ட்ரோல் அதுக்குள்ள ஒரு பகுதி, ஆனா நிறைய வண்டில ரெண்டுக்கும் சேர்த்து ஒரே லைட்டுதான்.

சாவி போட்டதும் இந்த லைட் சில செகண்ட் எரிஞ்சு அணைஞ்சிடும், அது பல்பு வேலை செய்யுதான்னு வண்டியே பண்ற செக், அதுக்கு பயப்பட வேண்டாம். அந்த நேரத்துல லைட் வரவே இல்லன்னாதான் யோசிக்கணும், ஏன்னா நிஜமாவே ஃபால்ட் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஓட்டும்போது வந்தா, முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: மின்னுதா, நின்னு எரியுதா? மின்னுச்சுன்னா சிஸ்டம் அந்த நிமிஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் ரிப்பேர் இல்ல. நின்னு எரிஞ்சா சிஸ்டம் ஆஃப் ஆகி இருக்கு, நீங்க ஆஃப் பண்ணீங்களா இல்ல அதுவா ஆச்சாங்கறதை அப்புறம் பார்க்கணும். நிறைய பேரு இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு, ஒழுங்கா வேலை செய்யுற வண்டியை மெக்கானிக்கிட்ட விடுறாங்க, நெஜமா ஃபால்ட் இருக்கற வண்டியை மாசக்கணக்கா அப்படியே ஓட்டுறாங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். நாலு வீல்லயும் ஆளுக்கொரு ஸ்பீடு சென்சார் இருக்கு, திடீர்னு பிரேக் பிடிச்சா வீல் லாக் ஆகாம தடுக்கற ஏபிஎஸ்சுக்கும் இதே சென்சார்தான். வீலோட சேர்ந்து சுத்துற ஒரு ரிங்கைப் பார்த்து அந்த வீல் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு சென்சார் கம்ப்யூட்டருக்கு சொல்லிக்கிட்டே இருக்கும். ஈர ரோட்டுல ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது என்ஜின் இழுக்குற வீல்ல ஒண்ணு மட்டும் பிடிமானம் இல்லாம வெட்டியா சுத்த ஆரம்பிச்சா, கம்ப்யூட்டர் உடனே அந்த வீலுக்கு மட்டும் பிரேக் போடும், கூடவே என்ஜின் பவரையும் குறைக்கும். நீங்க மிதிச்சுக்கிட்டே இருந்தாலும் வண்டி இழுக்காத மாதிரி தோணும், லைட் மின்னும். அப்போ ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா தளர்த்துங்க, ஸ்டீயரிங்கை வெடுக்குன்னு திருப்பாதீங்க, லைட் நின்னுடும்.

மழைல எப்பவாவது மின்னினா சரி. ஆனா லேசா ஈரம் இருந்தாலே, மெதுவா எடுத்தாலே மின்னுதுன்னா டயரைப் பாருங்க. டயர் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், கார் டயர்ல அது 1.6 மில்லிமீட்டர் உயரம், டயர் தேய்ஞ்சு அதுக்குச் சமமா வந்துட்டா மாத்தியே ஆகணும், ஈர ரோட்டுக்கு அதுக்கு முன்னாடியே மாத்துறது நல்லது.

இன்னொரு விதமும் இருக்கு, இதைத்தான் நிறைய பேரு கண்டுபிடிக்க முடியாம அலையுறாங்க. காஞ்ச ரோடு, நேரா போறீங்க, வேகமும் இல்ல, ஆனாலும் லைட் மின்னுது. இல்லன்னா சிக்னல்ல மெதுவா நிக்கப் போகும்போது பிரேக் பெடல் காலுக்கடியில கரகரன்னு அதிருது. இது நெஜ சறுக்கல் இல்ல, சென்சார் தப்பா சொல்லுது. வீல் ரிங்ல வெடிப்பு விட்டிருக்கும், துரு ஏறி உப்பியிருக்கும், இல்ல பேரிங் ஆடும். இன்னும் முழுசா கெட்டுப் போகாததால, வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர்ல ஃபால்ட் கோடு (எந்தக் கோளாறுன்னு சொல்ற குறியீடு) கூட விழாம இருக்கலாம், அதனால கோடு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னா விட்டுடாதீங்க, ஓட்டிக்கிட்டே நாலு வீல் ஸ்பீடையும் பார்க்கச் சொல்லுங்க.

சரி, நின்னு எரியுற கேஸுக்கு வருவோம். பக்கத்துல ஆஃப்னு எழுதியிருந்தா பட்டன் மேல கை பட்டிருக்கும், அதே கார் படம் போட்ட பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. பல வண்டில என்ஜினை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணாலே தானா ஆன் ஆயிடும். அப்படியும் போகலன்னா ஃபால்ட்தான்.

ஃபால்ட்னா கூட என்னென்ன லைட் எரியுதுன்னு பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா பெரும்பாலும் வீல் சென்சார், ரிங், ஒயர், இந்தப் பக்கம்தான். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனா அடிச்சுப் பிடிச்சா வீல் லாக் ஆகலாம், அதனால முன்னாடி போற வண்டிக்கு நல்லா இடைவெளி விட்டு ஓட்டுங்க. செக் என்ஜின் லைட் கூட எரிஞ்சா, பிரச்சனை என்ஜின்ல இருக்கலாம், என்ஜின் பவரை நம்பிக்கையா குறைக்க முடியாதுன்னு தெரிஞ்சா வண்டி டிராக்ஷன் கன்ட்ரோலையும் சேர்த்து நிறுத்திடும், அப்போ என்ஜின் கோடைச் சரி பண்ணாலே ரெண்டும் போயிடும். இதோட சிவப்பு பிரேக் லைட்டும் எரிஞ்சா ஓரமா நிறுத்துங்க, ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கியிருக்கான்னு பாருங்க, பிரேக் ஆயில் அளவைப் பாருங்க. ஆயில் குறைவா இருந்தாலோ, பெடல் உள்ள போனாலோ, காரணமே தெரியலன்னாலோ வண்டியை எடுக்காதீங்க, தூக்கிட்டுப் போக ஆளைக் கூப்பிடுங்க.

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கு. நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கா, நாலும் ஒரே சைஸா, சின்ன ஸ்டெப்னி மாட்டியிருக்கா? சுத்தளவு குறைஞ்ச டயர் மத்ததை விட வேகமா சுத்தும், கம்ப்யூட்டர் அதைச் சறுக்கல்னு நினைக்கும். பேட்டரி வீக்கா இருந்தாலும் ஸ்டார்ட் பண்ணும்போது வோல்டேஜ் விழுந்து இந்த லைட் வரும், மீட்டர் இருந்தா வச்சுப் பாருங்க, நிறுத்தி வச்ச வண்டில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், என்ஜின் ஓடும்போது 14 பக்கம். பேட்டரியைக் கழட்டி மாட்டின பிறகோ வீல் அலைன்மென்ட் பண்ண பிறகோ லைட் வந்திருந்தா ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார்தான் முதல் சந்தேகம். ஸ்டீயரிங் நேரா இருக்குறது எதுன்னு அது மறந்திருக்கும். சில வண்டில ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு திருப்பிட்டு கொஞ்ச தூரம் நேரா ஓட்டினா தானா சரியாகும், சில வண்டிக்கு ஸ்கேனர் போட்டுத்தான் செட் பண்ணணும், உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், பாருங்க.

அடுத்து கோடு படிக்கணும், இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க. அனுமானத்துல சென்சார் மாத்தினா காசுதான் போகும், லைட் போகாது. விலை கம்மியான ஸ்கேனர் நிறைய என்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் கோடு படிக்கிற ஸ்கேனரான்னு கேட்டு வாங்குங்க. ஏபிஎஸ் கோடு பெரும்பாலும் சி எழுத்துல ஆரம்பிக்கும், உதாரணமா சி0035 வந்தா முன் இடது வீல் சென்சார் பக்கம். பக்கம்னுதான் சொல்றேன், சென்சாரே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, ஒயரா, கனெக்டரா, ரிங்காங்கறதை அங்க போய்தான் பார்க்கணும். லைவ் டேட்டா காட்டுற ஸ்கேனர்னா இன்னும் நல்லது, ஒருத்தர் நேரா 30 கிலோமீட்டர் வேகத்துல ஓட்ட, பக்கத்துல இருக்கறவர் நாலு எண்ணையும் பார்க்கட்டும், எது மட்டும் ஜீரோவுல நிக்குதோ, எகிறி எகிறி விழுதோ அந்த வீல்தான்.

அந்த வீலைக் கழட்டிப் பார்க்கணும்னா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, கண்டிப்பா ஸ்டேண்ட் வையுங்க. முதல்ல ஒயரைப் பாருங்க, ஸ்டீயரிங் திரும்பும்போது வளையுற இடத்துலதான் அறுந்திருக்கும், கிளிப் கழண்டு டயர்ல உரசியிருக்கும், எலி கூட கடிச்சிருக்கும். கனெக்டருக்குள்ள பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. சென்சார் முனையில இரும்புத் தூள் ஒட்டியிருந்தா துணியால துடைச்சாலே போதும். துருல சென்சார் இறுகியிருந்தா ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க, உடைஞ்சு உள்ளயே நிக்கும், துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஊற விட்டு மெதுவா ஆட்டி எடுங்க. சமீபத்துல அந்தப் பக்கம் பேரிங் மாத்தியிருந்தா இன்னொன்னும் இருக்கு. பல பேரிங்ல அந்த ரிங் ஒரு பக்கத்து சீல்லயே காந்தமா இருக்கும், பேரிங்கைத் திருப்பி மாட்டிட்டா சென்சாருக்கு எதுவுமே தெரியாது. புது சென்சார் எத்தனை மாத்தினாலும் லைட் அப்படியேதான் இருக்கும்.

சரியாகுற வரைக்கும் வண்டி ஓட்டலாமான்னா, இந்த ஒரு மஞ்சள் லைட் மட்டும்னா ஓட்டலாம், மழைலயும் வளைவுலயும் மெதுவா போங்க, உதவிக்கு வர்ற ஆளு இப்ப இல்லன்னு மனசுல வச்சுக்கோங்க. நீங்களே ஆஃப் பண்ண வேண்டிய ஒரே இடம் மணல், சேறு, ஆழமான பனி. அங்க வண்டி மாட்டிக்கிட்டா வீல் கொஞ்சம் சுத்தினாத்தான் வெளிய வரும், சிஸ்டம் பவரைக் குறைச்சு குறைச்சு நகர விடாது, பட்டனை அழுத்தி வெளிய வந்ததும் திரும்ப ஆன் பண்ணிடுங்க.

ரிப்பேர் முடிஞ்சு கோடை அழிச்ச பிறகும் லைட் உடனே அணையலன்னா பதறாதீங்க, சில வண்டில கொஞ்ச தூரம் ஓட்டி நாலு வீல் ஸ்பீடும் சரியா வருதுன்னு கம்ப்யூட்டர் பார்த்த பிறகுதான் அணையும்.