குழப்படிக்காரனோடு வளவு துப்பரவு

மாரி மழை ஓய்ந்தாச்சு. சித்திரை வருஷத்துக்கு முன் வளவைத் துப்பரவாக்க வேண்டும். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் பங்குனியிலேயே ஒன்பது மணிக்கு மணல் சுடும், அதனால் ஆறரைக்கே பிள்ளையை முற்றத்தில் இறக்கிவிடுங்கள்.

முதலில் கிணறு. அதை மூடாமல் ஈர்க்குமாற்றைத் தொடவே வேண்டாம். வாளியில் நாலு விரல் தண்ணீர் நின்றாலும் தலைகுப்புற விழும் சின்னனுக்கு ஆபத்துத்தான், கவிழ்த்து வையுங்கள். கத்தி, மண்வெட்டி எட்டாத உயரத்தில்.

அப்புறம் அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். என் பேரனுக்கு இரண்டு வயது. சும்மா விட்டால் கூட்டிக் குவித்த வேப்பஞ்சருகில் குதிப்பான். சிரட்டை கவிழ்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு கையாலும் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "தண்ணி!" என்று கத்திவிட்டுத்தான் ஊற்றுவான். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை இந்தச் சுற்று கட்டாயம். சிரட்டையை முதலில் நீங்கள் தடியால் புரட்டிப் பாருங்கள், அடியில் தேள் இருக்கலாம்.

சருகைக் கொளுத்தாதீர்கள், புகை பிள்ளைக்கு ஆகாது. வாழையடியில் போட்டால் மண் ஈரம் காக்கும். அவனே அள்ளி அள்ளிப் போடுவான்.