ஸ்ட்ரக்டின் உள்ளே யாரும் கைவைக்காமல் இருக்க: சி மொழியில் ஒபேக் பாயிண்டர்

சி மொழியில் ‘பிரைவேட்’ என்று ஒன்று கிடையாது. ஒரு ஸ்ட்ரக்டை (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய வகை) ஹெடர் ஃபைலில் (மற்ற ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்பு ஃபைல்) முழுதாக எழுதிவிட்டால், அதைச் சேர்த்துக்கொள்ளும் எவரும் உள்ளே இருக்கும் எதையும் மாற்றலாம். ‘தொடாதீர்கள்’ என்று கமெண்ட் போட்டாலும் கம்பைலர் அதைப் படிக்காது.

எண்களைச் சேமிக்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் நினைவகத்துக்கு ஒரு பாயிண்டர் (முகவரி), முதல் எண் இருக்கும் இடம், மொத்த எண்ணிக்கை என மூன்று உறுப்புகள். உள்ளே 2 எண்கள்தான் இருக்கின்றன. யாரோ எண்ணிக்கையை நேரடியாக 5 ஆக்கிவிட்டார். மூன்றாவது எண்ணை எடுக்கும்போது குப்பை வரும். தவறு செய்தது ஓரிடம், மாட்டிக்கொள்வது வேறோர் இடம். இதைத் தடுக்கும் வழிதான் ஒபேக் பாயிண்டர்: ஸ்ட்ரக்டின் உள்ளே இருப்பதை மறைத்து, அதற்கான பாயிண்டரை மட்டும் வெளியே தருவது.

படி 1: ஹெடரில் பெயரை மட்டும் எழுதுங்கள்.

ஸ்ட்ரக்ட் வரிசை;

அவ்வளவுதான், அடைப்புக்குறி வேண்டாம். இதற்கு ‘இன்கம்ப்ளீட் டைப்’ என்று பெயர். அளவு தெரியாததால் இந்த வகையில் நேரடியாக மாறி உருவாக்க முடியாது. ஆனால் பாயிண்டர் வைத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இருந்தாலும் பாயிண்டரின் அளவு மாறாது.

படி 2: அதே ஹெடரில் உருவாக்கு, சேர், எடு, அழி என்று நான்கு ஃபங்ஷன்களை அறிவியுங்கள். எல்லாமே பாயிண்டர் வழியாகத்தான்.

படி 3: ஸ்ட்ரக்டின் முழு வடிவத்தை சி ஃபைலுக்குள் எழுதுங்கள். ‘உருவாக்கு’ மேலாக் (malloc) மூலம் நினைவகம் ஒதுக்கி, இடம் கிடைக்காததைக் காட்டும் ‘நல்’ (NULL) வந்ததா என்று பார்த்து, பாயிண்டரைத் திருப்பித் தரட்டும். ‘அழி’யில் வரிசைமுறை முக்கியம்: முதலில் உள்ளே இருக்கும் நினைவகம், அப்புறம் ஸ்ட்ரக்ட். மாற்றிச் செய்தால், விடுவித்துவிட்ட இடத்திலிருந்தே உள் பாயிண்டரைப் படிக்க வேண்டியிருக்கும்.

படி 4: இப்போது மெயினிலிருந்து எண்ணிக்கையை 5 ஆக்கிப் பாருங்கள். கம்பைலர் ஏற்காது. அந்த எரர்தான் நமக்கு வேண்டிய காவல்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரியும் பலன் ஒன்று உண்டு. வழக்கமான 64 பிட் கணினியில் நம் ஸ்ட்ரக்ட் 8+4+4 (ஒரு பாயிண்டர், இரண்டு இன்ட்), அதாவது 16 பைட். நாளைக்குக் கொள்ளளவு என்று இன்னோர் இன்ட் சேர்த்தால் பேடிங்கோடு (கம்பைலர் சேர்க்கும் வெற்று பைட்கள்) 24. ஸ்ட்ரக்ட் வெளியே தெரிந்திருந்தால், பழைய ஹெடரோடு கம்பைல் ஆன புரோகிராம் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் மாறிகள் இருக்கும் நினைவகம்) 16 பைட்தான் ஒதுக்கியிருக்கும். புதிய லைப்ரரி (மாற்றிய நம் சி ஃபைல்) அதைத் தாண்டி எழுதும். ஒபேக் பாயிண்டரில் ஒதுக்குவதே லைப்ரரிதான் என்பதால் இந்தச் சிக்கல் வராது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரி 2016-ல் வெளியிட்ட 1.1.0 பதிப்பில் பல ஸ்ட்ரக்டுகளை இப்படி மறைத்தது. உறுப்புகளை நேரடியாகத் தொட்டுவந்த புரோகிராம்களைத் திருத்த வேண்டியதாயிற்று. அதனால் முதல் பதிப்பிலேயே மறைத்துவிடுங்கள்.

இதற்கு விலையும் உண்டு: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஹீப் (மேலாக் தரும் நினைவகம்) ஒதுக்கீடு, ஒவ்வொரு அணுகலுக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு. லட்சக்கணக்கில் உருவாக்கும் சின்னஞ்சிறு ஸ்ட்ரக்டுக்கு நான் இதைப் பயன்படுத்த மாட்டேன். இன்னொன்று, இது பாஸ்வேர்டை மறைக்கும் வழி அல்ல. அதே புரோசஸுக்குள் ஓடும் கோட், பாயிண்டரை கேர் (char) பாயிண்டராக காஸ்ட் செய்து, அதாவது வகை மாற்றி, பைட் பைட்டாகப் படித்துவிடும்.