போஸ்ட்கிரெஸ்ஸில் எக்ஸ்டென்ஷன் போடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலின் உபயப் பதிவேடு ஒரு பழைய மேசைக் கணினியில் இருக்கிறது. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ், அதில் போஸ்ட்கிரெஸ் 16 என்ற தரவுத்தள மென்பொருள். பெயர் தேடுவதுதான் அதில் பெரிய தலைவலி. ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி ஆங்கில எழுத்தில்தான் பெயரைப் பதிகிறோம். அதுவோ அந்தக் காலத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிவைத்தது. ஒரு லெட்சுமிக்குக் கடைசி எழுத்து ‘ஐ’, இன்னொருவருக்கு ‘ஒய்’, மற்றொருவருக்கு நடுவில் ‘யு’வே இல்லை.

இதற்கு பிஜி_டிரைஜிஎம் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கூடுதல் திறன் தரும் இணைப்பு, போதும். பெயரை மும்மூன்று எழுத்தாக நறுக்கி ஒப்பிட்டு, நெருக்கத்துக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். 0.3 தாண்டினால் ஒத்த பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அந்த வரம்பை நாம் மாற்றலாம்.

எக்ஸ்டென்ஷன் போடுவதில் இரண்டு வேலை உண்டு. கோப்புகள் லினக்ஸில் இறங்க வேண்டும். அப்புறம் தேவைப்படும் ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் அதைச் சேர்க்க வேண்டும். உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையோடு நின்றிருப்பார்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். முதலில் ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று அடித்து, ஓடுவது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஒரே கணினியில் 14, 16 இரண்டும் கிடப்பது சகஜம். உபுண்டு, டெபியனில் 10ஆம் பதிப்பிலிருந்து கான்ட்ரிப் என்ற கூடுதல் எக்ஸ்டென்ஷன்களின் தொகுப்பு சர்வரோடேயே வந்துவிடுகிறது. டிரைஜிஎம் அதில்தான் இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். ஃபெடோராவில் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-கான்ட்ரிப்’ தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். வரைபட வேலைக்கான போஸ்ட்ஜிஐஎஸ் வெளியார் தொகுப்பு என்பதால் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16-போஸ்ட்ஜிஐஎஸ்-3’. அந்த 16 உங்கள் சர்வரோடு பொருந்தாவிட்டால், எக்ஸ்டென்ஷனின் விவரம் உள்ள கன்ட்ரோல் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். அந்தப் பிழையைப் பார்த்ததும் கோப்பின் அனுமதிகளை நோண்டாதீர்கள். தொகுப்பு இல்லை, அல்லது வேறு பதிப்புக்குப் போயிருக்கிறது.

அடுத்து, ‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல் உபயம்’ என்று உள்ளே போங்கள். உபயம் என்பது எங்கள் தரவுத்தளத்தின் பெயர். ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன் இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் பிஜி_டிரைஜிஎம்’, கடைசியில் அரைப்புள்ளி. அவ்வளவுதான். பின்சாய்வுக் கோட்டோடு ‘டிஎக்ஸ்’ அடித்தால் பட்டியலில் தெரியும். 13ஆம் பதிப்பு முதல் இந்த எக்ஸ்டென்ஷன் ‘நம்பகமானது’ என்ற வகையில் இருப்பதால், தரவுத்தளத்தின் உரிமையாளரே சேர்க்கலாம். போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்கு சூப்பர்யூசர் (முழு அதிகாரம் உள்ள பயனர்) வேண்டும்.

பதிவுகள் பெருகியதும், தேடல் வேகமாக நடக்க, பெயர் நெடுவரிசைக்கு ‘ஜின்_டிரைஜிஎம்_ஆப்ஸ்’ கொண்டு ஜின் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள். பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தால் தரவுத்தளத்தின் லோகேலையும் (மொழி அமைப்பையும்) பாருங்கள்; அது ‘சி’ என்று இருந்தால் டிரைஜிஎம் தமிழைக் கண்டுகொள்ளாது.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு இது மட்டும் போதாது. தரவுத்தளத்திடம் கேட்கும் எந்தக் கேள்வி (க்வெரி) நேரம் தின்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் அப்படிப்பட்டது. ‘ஈடிசி’ அடைவில் உள்ள போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் கோப்பில் ‘ஷேர்ட்_ப்ரிலோட்_லைப்ரரீஸ்’ வரியில் அதன் பெயரை எழுதி, சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், ரீலோட் போதாது. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் சர்வர் எழுந்திருக்காது. தைப்பூச உபயம் எழுதும் நாளில் இந்த வரியில் கை வைக்காதீர்கள்.

‘பிஜி_டம்ப்’ கட்டளையால் எடுக்கும் பேக்கப்பில் எக்ஸ்டென்ஷனின் கோப்புகள் வராது, ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ என்ற வரி மட்டுமே இருக்கும். புதுக் கணினிக்கு மாறுவதானால் முதலில் தொகுப்புகளைப் போடுங்கள், பிறகு ரீஸ்டோர். வேண்டாத எக்ஸ்டென்ஷனை நீக்க ‘ட்ராப் எக்ஸ்டென்ஷன்’ உண்டு. எதுவோ அதைச் சார்ந்திருக்கிறது என்று அது மறுத்தால், கடுப்பில் ‘கேஸ்கேட்’ சேர்த்துவிடாதீர்கள். டிரைஜிஎம்மை நம்பிப் போட்ட இண்டெக்ஸும் கூடவே போய்விடும்.