ஜெர்மனியில் முதல் ஆண்டு: நம் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனி செல்லும் நம் மாணவர்கள் ஆயத்தத்தில் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. பிளாக்டு அக்கவுண்டில் (வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) கட்ட வேண்டிய பணம், மருத்துவக் காப்பீடு, விசா என ஒவ்வொன்றையும் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டு முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். தடுமாற்றம் அங்கே போய் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்குக் குளிரும் சாப்பாடும்தான் முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால் வகுப்பறைக்கே சுற்றறிக்கை வருவதும், வருகைப்பதிவு குறைந்தால் வீட்டுக்குத் தொலைபேசி போவதும் நம் கல்லூரிகளில் வழக்கம். ஜெர்மனியில் விதிகள் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேடிப் படிப்பதும் புரியாததைக் கேட்பதும் மாணவரின் பொறுப்பு. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆகவே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் எனப்படும் இந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று தேவை என்பதால், அதைத் தருவாரா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். பதிவை முடித்தவர்களும் அடுத்து ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள்: கட்டட வாசலில் உள்ள தபால் பெட்டியில் தம் பெயரை ஒட்ட மறந்துவிடுகிறார்கள். அந்த நாட்டில் தபால்காரர் பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். பெயர் இல்லையென்றால் முகவரி சரியாக இருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விகள் எல்லாம் இன்றும் காகிதத்தில்தான் வருகின்றன. வந்த கடிதம் ஜெர்மன் மொழியில் இருக்கிறதே என்று மேசையில் போட்டு வைப்பதும் இதே அளவு ஆபத்தானது. எடுத்துக்காட்டாக, பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒளிபரப்புக் கட்டணமாக ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ உண்டு. வீட்டில் தொலைக்காட்சி இல்லையென்றாலும் செலுத்த வேண்டும். பலர் சேர்ந்து வசித்தால் ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். கடிதத்தைப் பிரிக்காமலே விட்டவர்களுக்கு இது நிலுவையாகவும் அபராதமாகவும் வளர்ந்து நிற்கும்.

படிப்பில் நேரும் தவறுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பெயர் கொடுத்ததாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வுக்குத் தனியாக இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விலகுவதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அது தவறினால் பெரும்பாலும் யாரும் விதிவிலக்கு தருவதில்லை. அரியர் வைத்தாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நம் ஊர் மனநிலை அங்கே எடுபடாது. ஒரு பாடத்துக்கு இத்தனை வாய்ப்புகள்தான் என்று பல பல்கலைக்கழகங்கள் வரையறுத்திருக்கின்றன. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தேறாவிட்டால் அந்தப் படிப்பே முடிந்துவிடும்; அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக இயலாது. முதல் வாரத்திலேயே தம் துறையின் தேர்வு விதிமுறைகளை வரிவிடாமல் படித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பகுதி நேர வேலையும் இப்படியே: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம், அந்தக் கணக்கை மாணவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் புரியாதபோது புரிந்ததாகத் தலையாட்டுவது நம்மிடம் மரியாதையின் ஒரு பகுதியாகவே ஊறியிருக்கிறது. ஜெர்மன் பேராசிரியர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையிலேயே புரிந்துவிட்டது என்று நம்பி அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். சந்திப்பு நேரம் என்று அவர் அறிவித்திருப்பது கேள்வி கேட்பதற்காகவே. அதுபோல, குழுப்பணியில் சக மாணவர் "இந்தப் பகுதி சரியில்லை, மாற்றி எழுது" என்று முகத்துக்கு நேரே சொன்னால் அது வேலையைப் பற்றிய கருத்து மட்டுமே. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுவது தேவையற்ற இழப்பு.

அக்கம்பக்க விஷயத்தில் இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது என்பதைப் பலர் விரைவில் கற்றுவிடுகிறார்கள். காற்றோட்டம்தான் கவனிக்கப்படாமல் போகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டுச் சாதமும் சாம்பாரும் கொதிக்க வைத்தால், ஆவி கண்ணாடியில் நீராகக் கோத்து, சில வாரங்களில் சுவர் மூலையில் கரும்பூஞ்சை படரும். பழுதுபார்க்கும் செலவு முன்பணத்திலிருந்து பிடிக்கப்படலாம். தினமும் இரண்டு மூன்று முறை ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

ஆங்கில வழிப் படிப்புதானே என்று ஜெர்மன் மொழியைத் தள்ளிப்போடுவதும், நம்மவர்களோடு மட்டுமே பழகுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நம் மக்களைத் தேடிப் போவதில் தவறே இல்லை. ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போனால், போர்க்காலத்தில் வந்த ஈழத்தமிழரின் பிள்ளைகள் தமிழும் ஜெர்மனும் சரளமாகப் பேசுவதைக் கேட்கலாம். அந்த நாட்டின் நடைமுறைகளை நம் மொழியிலேயே விளக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அந்த உறவையும் வளர்த்துக்கொண்டு, வாரம் ஒரு முறையாவது ஜெர்மன் மட்டுமே பேசும் விளையாட்டுக் குழுவிலோ பாடகர் குழுவிலோ சேர்வது நல்லது.

டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதங்களில் தூக்கமும் மனமும் கெடுவதைச் சோம்பல் என்று நினைத்து, வீட்டுக்குப் பேசும்போது "நல்லா இருக்கேன்" என்று மறைப்பவர்கள் பலர். மாணவர் நல அமைப்புகள் நடத்தும் உளவியல் ஆலோசனை பொதுவாக இலவசம். அங்கே பேசியது பல்கலைக்கழகத்துக்கோ பெற்றோருக்கோ போகாது. படிப்பு ஆலோசகர் என்று ஒருவர் ஒவ்வொரு துறையிலும் உண்டு. தேர்வில் தோற்றதைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லும் மாணவருக்குப் பாடங்களை மாற்றி அடுக்கவும், வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளவும், கூடுதல் காலம் கேட்கவும் வழி இருக்கிறது. குடியிருப்பு அனுமதி முடியப்போகும் மாதத்தில் போய்ச் சொல்பவருக்கு அந்த வழிகளில் பல அடைபட்டிருக்கும்.