வெற்றி எது என்று முடிவு செய்யும்போது தவறும் இடங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த அன்று வீட்டுக்கு வரும் எல்லா போனிலும் ஒரே கேள்விதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. பொறியியல் கலந்தாய்வில் யாரை முதலில் கூப்பிடுவது என்று தீர்மானிக்க அந்த எண் வேண்டும். கலந்தாய்வோடு அதன் வேலையும் முடிந்துவிட வேண்டும். ஆனால் நம்மில் பலருக்கு முடிவதில்லை, எண்தான் மாறுகிறது: சம்பளம், வீட்டின் சதுர அடி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

தனக்கு வெற்றி எது என்று யோசிக்க உட்காருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்க்கும் முன்பே, எதை வைத்து அளப்பது என்பது முடிவாகிவிடுகிறது. அளவுகோல் சித்தப்பா வீட்டிலிருந்தோ, கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தோ வந்து சேர்ந்திருக்கும். இரவல் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இது கிடைத்த செய்தியை ஐந்து வருடத்துக்கு யாரிடமும் சொல்லக் கூடாது என்றால், அப்போதும் இது வேண்டுமா? அப்பா பட்ட கடனை அடைப்பது, நீந்தக் கற்றுக்கொள்வது போன்றவற்றுக்கு உடனே 'ஆமாம்' வரும். சிலவற்றுக்குப் பதிலே வராது. மேலாளர் பதவிக்காக நான் நான்கு வருடம் காத்திருந்தேன். அலுவலகத்தில் எனக்கு உண்மையில் பிடித்தது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது. பதவி வந்த பிறகு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. முன்பே இப்படிக் கேட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பதவிக்கு விண்ணப்பித்திருக்க மாட்டேன்.

அடுத்தது, பெயரை மட்டும் ஆசைப்பட்டு, அதற்குள் இருக்கும் நாட்களைப் பார்க்காமல் விடுவது. 'கலெக்டர் ஆக வேண்டும்' என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்பேன். நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் அன்றுதான் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று மனுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அந்த வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க மனம் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகப் படிக்கலாம். அப்போதும் அதற்கான குடிமைப் பணித் தேர்வை எத்தனை முறை எழுதுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 6 முறை, 32 வயது என்பது தேர்வாணையம் வைத்த எல்லை. ஆறு முறையும் எழுதியே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை.

பணத்தைப் பேசாமல் தள்ளிவைப்பதும் தவறுதான். 'எனக்குப் பணம் முக்கியமில்லை' என்பவரின் வீட்டிலும் வாடகை, கல்விக் கடன், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் உண்டு. மாதம் எவ்வளவு வந்தால் போதும் என்று ஒரு தொகையை எழுதிவிடுங்கள். எழுதாத 'போதும்' நீண்டுகொண்டே போகும்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வெற்றியை ஒரே ஒரு வேலையின் பெயரோடு முடிச்சுப் போட்டுவிடுவது. அந்த வேலை கை நழுவினால் வாழ்க்கையே தோற்றதாகிவிடுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி முதலில் ஆசைப்பட்டது மகப்பேறு மருத்துவத்துக்கு. அவருடைய உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததுதான் காரணம். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின, அந்தப் பாதை அடைபட்டது. பிறகு கண் மருத்துவம் படித்தார். அந்தக் கைகளாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். துறை மாறியது. தடுக்கக்கூடிய துன்பத்தைத் தடுக்க வேண்டும் என்ற ஆசை மாறவில்லை. உங்கள் வேலையின் பெயரை எடுத்துவிட்டு மிச்சமிருப்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரி கிடைக்க எனக்குப் பல மாதம் ஆனது.

அவருடைய வாழ்க்கையை அப்படியே எடுத்துப் போர்த்திக்கொள்வதும் இரவல்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களைப் படித்துவிட்டு, பெரிதாக ஏதும் செய்யாத தன் வாழ்க்கை வீண் என்று குமைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படுத்த படுக்கையான மாமியாரைப் புண் வராமல் ஆறு வருடம் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். 'நான் எதுவும் சாதிக்கவில்லை' என்று அவர் சொன்னபோது எனக்கு வலித்தது.

கடைசியாக, வீட்டில் கேட்காமலே முடிவெடுப்பது. நம் வெற்றிக்கான நேரத்தைக் கூட இருப்பவர்களிடமிருந்துதான் எடுக்கிறோம். சென்ற பொங்கல் விடுமுறையில் எனக்கு வெற்றி எதுவென்று எழுதிவைத்திருந்த பட்டியலை மனைவியிடம் காட்டி, "உனக்கு இதில் என்ன சேர்க்கணும்?" என்று கேட்டேன். நிதானமாகப் படித்துவிட்டு, "ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்" என்றாள். அப்படி ஒன்று என் பட்டியலில் எங்குமே இல்லை. இப்போது முதல் வரி அதுதான்.